கொலுசும் 20 வளைவும்: சேலத்தில் முதல் த்ரில்லர் குறும்படம் எடுக்க வருகிறவர்களுக்கு

சேலத்தில் குறும்படம் எடுக்கப்போகிறேன் என்று கதை சொல்ல வருகிற தம்பிகளிடம் நான் அதிகம் கேட்ட கதை இது: ஒரு அப்பா, ஒரு சின்னப் பெண், துரத்துகிற நாலு பேர், கடைசியில் ஏற்காட்டுப் பனிமூட்டம். நானும் அதே கதையைத்தான் 18 நிமிடப் படமாக எடுத்தேன். ஏழு நாளில் முடிக்க நினைத்தது பதினோரு நாள் இழுத்தது. அந்த நாலு நாள் எங்கே போனது என்று சொன்னாலே புதிதாக வருகிறவர்களுக்குப் பாதிச் செலவு மிச்சமாகும்.

இந்த ஊருக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு. டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது ஏற்காடு ரோட்டில்தான். ஸ்டுடியோ போய்விட்டது, முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. லொகேஷன் பார்க்கப் போகிற எல்லோரும் அதன் முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேலையைப் பார்ப்போம்.

முதல் வேலை: இவன் ஏன் மலைக்கு ஓடுகிறான்?

கதையை ஒரே பக்கத்தில் எழுதி, இந்தக் கேள்வியை அதனிடம் கேளுங்கள். சேலத்திலிருந்து தப்பிக்க நினைப்பவனுக்கு வழிக்குப் பஞ்சமே இல்லை. பெங்களூர் ரோடு, கோயம்புத்தூர் ரோடு, நாமக்கல் ரோடு, உளுந்தூர்பேட்டை ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நெடுஞ்சாலை. சூரமங்கலத்தில் ஜங்ஷன். புது பஸ் ஸ்டாண்டில் ராத்திரி முழுக்க பஸ். சங்ககிரிப் பக்கம் போய் நின்றால் வடக்கே போகிற லாரி ஏதாவது ஒன்று கிடைக்கும். இத்தனையையும் விட்டுவிட்டு ஒருவன் ஏற்காட்டுக்குப் போகிறான் என்றால் அவன் விவரம் கெட்டவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவனுக்கு அங்கே ஏதோ ஒரு வேலை இருக்க வேண்டும்.

ஏனென்றால் பஸ் போகிற மலைப்பாதை அங்கே இரண்டுதான். ஒன்று அடிவாரம் வழி, 20 கொண்டை ஊசி வளைவு. இன்னொன்று அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழி. இரண்டுக்கும் கீழே ஆளுக்கொரு ஜீப்பை நிறுத்தினால் மலைக்கே பூட்டுப் போட்ட மாதிரி. "அங்க லொகேஷன் சூப்பரா இருக்கும்ணா" என்பது உங்களுடைய காரணம். அவனுடைய காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் கதையில் அவன் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்கிறவன். பட்டறையில் கணக்கில் வராத வெள்ளிக் கட்டிகள் காணாமல் போகின்றன. எடுத்தது முதலாளியின் தம்பி, பார்த்தது இவன், பழியும் இவன் மேல். இவனுடைய அம்மா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறாள். மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தனியாக இறங்கி வந்து போலீஸிடம் உண்மையைச் சொல்வது அவன் திட்டம். மேலே போனால் மாட்டிக்கொள்வோம் என்று அவனுக்கும் தெரியும், படம் பார்க்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே ஏறுகிறான். இந்த ஒரு முடிச்சு கிடைத்த பிறகு எழுதி வைத்திருந்த இரண்டு சண்டைக் காட்சிகளை நானே கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று. அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாவைக் கொன்றுவிடாதீர்கள். அப்பா-மகள் கதை என்றதும் சுவரில் மாலை போட்ட போட்டோ ஒன்றை மாட்டிவிடுவது நம் ஆட்களுக்குக் கை வந்த கலை. எங்கள் கதையில் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். அவன் போனை அணைத்த நிமிடத்திலிருந்து அவள் விடாமல் அழைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் போய்க் கொடுக்கிற புகார்தான் போலீஸை மலைப் பக்கம் திருப்புகிறது. உயிரோடு இருக்கிற அம்மா கதைக்குச் செய்கிற வேலையைப் போட்டோ செய்யாது.

இரண்டாவது: பாப்பாவின் வயிறுதான் கடிகாரம்

படம் முழுக்க நிற்பது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தனியாக ஓடுகிறவன் ஒரு நாள் பட்டினி கிடப்பான், பாலத்தடியில் படுப்பான். ஏழு வயதுப் பெண்ணோடு ஓடுகிறவனால் அது முடியாது. அவளுக்குப் பசிக்கும், ஒன்றுக்கு வரும், தூக்கம் வரும், செருப்பு வார் அறுந்து போகும். ஒவ்வொன்றும் அவனை எங்காவது நிற்க வைக்கும். நின்ற இடத்தில் யாராவது பார்ப்பார்கள். ஒரு தட்டுவடை செட் வாங்கக் கடையில் நிற்கிற மூன்று நிமிடம், துரத்துகிற காரை விடப் பயமுறுத்தும். ஆகவே காட்சி எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் கோடு போட்டு, இடது பக்கம் மணி, வலது பக்கம் அந்த நேரத்தில் பாப்பாவுக்கு என்ன தேவை என்று எழுதுங்கள். வில்லனுக்குத் தனித் தாள் வேண்டாம். பாப்பா நிறுத்துகிற இடத்துக்கெல்லாம் அவன் வந்து சேர்ந்தால் போதும்.

ஏற்காட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அந்த வளைவுகளில் பாதிக் குழந்தைகள் வாந்தி எடுக்கும். ஜன்னலோரம், எலுமிச்சம்பழம், பாலித்தீன் பை என்று வீட்டில் தயாராகத்தான் கிளம்புவார்கள். எங்கள் படத்தின் முக்கியமான காட்சி அதுதான். கடன் வாங்கிய ஆம்னி வேன், ராத்திரி, எட்டாவது வளைவு தாண்டிவிட்டது.

"அப்பா, வருதுப்பா."

"இன்னும் கொஞ்சந்தான் கண்ணு. பழத்த மோந்து பாரு."

"முடியலப்பா."

வண்டியை ஓரங்கட்டுகிறான். பாப்பா குனிந்திருக்கிறாள், அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அப்போது கீழே, மரங்களுக்கு நடுவில், இரண்டு விளக்கு வளைவில் திரும்புகிறது. கொண்டை ஊசி வளைவின் விசேஷம் இது. துரத்துகிறவன் நேர் கீழே, குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் இருப்பான். ஆனால் ரோடு சுற்றி வர அவனுக்குச் சில நிமிடம் ஆகும். சமவெளியில் எந்த நெடுஞ்சாலையிலும் இந்தக் காட்சி கிடைக்காது. அவன் விளக்கைப் பார்க்கிறான், மகளைப் பார்க்கிறான், "முடிஞ்சுதா கண்ணு?" என்கிறான். அவள் இல்லை என்று தலையாட்டுகிறாள். வசனம் அவ்வளவுதான்.

அடுத்து கொலுசு. சேலத்துப் படத்தில் கொலுசு இல்லாமல் எப்படி? செவ்வாய்ப்பேட்டை, குகை, சிவதாபுரம், பனங்காடு என்று தெருத் தெருவாகக் கொலுசு செய்கிற ஊர். அப்பா கையாலேயே செய்து மாட்டிய கொலுசு பாப்பாவின் காலில் இருக்கிறது. வேனை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குள் நடக்கும்போது இருட்டில் ஜல் ஜல் என்கிறது. கழற்ற வேண்டியதுதானே என்பீர்கள். தொலைந்து போகக்கூடாது என்று திருகாணியைப் பற்றவைத்தே மாட்டியிருக்கிறான், கழறாது. கைக்குட்டையைக் கிழித்துக் கணுக்காலில் சுற்றுகிறான், நாலு அடியில் அவிழ்கிறது. கடைசியில் ஓடைக்கரை ஈர மண்ணை எடுத்து ஒவ்வொரு மணிக்குள்ளும் அடைக்கிறான். பத்து வருடமாக மணி நன்றாகச் சத்தம் போடுகிறதா என்று காதருகே ஆட்டிப் பார்த்தே வேலை செய்தவன், இப்போது அது சத்தம் போடக்கூடாது என்று ஆட்டிப் பார்க்கிறான். இதை எழுதியதும் நாங்களே செய்து பார்த்தோம். காய்ந்த மண் உதிர்ந்துவிடும். களிமண் கலந்த ஈர மண்தான் நிற்கும், அதுவும் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம்தான் எஸ்டேட் காட்சியின் நீளம்.

பாப்பாவின் வசனத்தில் ஒரு எச்சரிக்கை. "நீங்க நல்லவராப்பா?" மாதிரி எதுவும் வேண்டாம். அந்த வயதில் அவள் கேட்கப்போவது, "நாளைக்கு லீவ் லெட்டர் யாருப்பா எழுதுவா?"

மூன்றாவது: வழியை ஸ்கூட்டரில் போய் எழுதுங்கள்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று கதையில் அவர்கள் போகிற நேரத்திலேயே ஒரு தடவை போய் வாருங்கள். எங்கே தெருவிளக்கு இருக்கிறது, எந்த டீக்கடை எத்தனை மணிக்கு மூடுகிறது, எங்கே போனில் டவர் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அஸ்தம்பட்டிப் பக்கம்தான் மத்திய சிறை. ஒரு வசனமும் இல்லாமல் அவன் அந்த மதில் ஓரமாக வண்டி ஓட்டிப் போகிற ஒரு ஷாட் எங்களுக்கு இப்படித்தான் கிடைத்தது.

ஊரை விட்டு வெளியேறுகிற வழியைக் காட்டுவதானால் டோல்கேட்டை மறக்காதீர்கள். பெங்களூர் பக்கம் ஓமலூர், கோவைப் பக்கம் வைகுந்தம், உளுந்தூர்பேட்டைப் பக்கம் மேட்டுப்பட்டி. ஃபாஸ்டேக் ஒட்டிய வண்டி அதைத் தாண்டினால் நேரமும் வண்டி எண்ணும் பதிவாகிவிடும், கேமராவும் இருக்கும். "போனை ஆஃப் பண்ணிட்டேன், இனிமே கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உங்கள் நாயகன் டோல்கேட்டைத் தாண்டினால் லாரி டிரைவர்கள் சிரிப்பார்கள். ஏற்காடு ரோட்டில் டோல் இல்லை, அடிவாரத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: சேலம் மாநகரம் போலீஸ் கமிஷனர் கையில், ஏற்காடு மாவட்ட எஸ்.பி. கையில். மலையேறினால் எல்லை மாறுகிறது. நகரத்து இன்ஸ்பெக்டர் மேலே இருக்கிற ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் உங்கள் கதைக்குப் பத்து நிமிடம் கிடைக்கும்.

இனி எங்கள் நாலு நாளில் ஒன்று போன கதை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கும். நாங்கள் வெளிச்சம் நன்றாக விழுகிற வளைவாகப் பார்த்துப் பார்த்து எடுத்தோம். எடிட்டிங்கில் வைத்துப் பார்த்தால் வேன் 12-வது வளைவைத் தாண்டி அடுத்த ஷாட்டில் 7-வது வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறது. வெளியூர்க்காரர் கவனிக்க மாட்டார் என்று எடிட்டர் சொன்னார். படத்தைப் பார்க்கப்போவது முதலில் உள்ளூர்க்காரர்கள்தானே? ஒரு நாள் முழுக்க மறுபடி ஏறி இறங்கினோம். எந்தப் பலகை ஃபிரேமுக்குள் வருகிறது என்று முதல் நாளே எழுதி வையுங்கள்.

அதே வளைவுகளில் திசைக் குழப்பமும் வரும். ஒரு வளைவில் வண்டி இடமிருந்து வலம் போனால் அடுத்த வளைவில் வலமிருந்து இடம் போகும். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் அவர்கள் திரும்பி இறங்குகிறார்கள் என்று தோன்றும். நடுவில் வண்டி கேமராவை நோக்கி நேராக வருகிற ஷாட் ஒன்று, அல்லது பாப்பாவின் முகம், போட்டால் சரியாகிவிடும்.

மேலே போனதும் எல்லோரும் ஏரியையும் படகையும் எடுக்க ஓடுவார்கள். ஒளிந்து வந்தவன் ஏரிக்கரைக்கு ஏன் போகிறான்? லேடீஸ் சீட்டுக்குப் போங்கள். இருட்டியதும் அங்கிருந்து சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். "நம்ம வீடு எங்கப்பா?" என்று பாப்பா கேட்கலாம். பகோடா பாயின்ட் அழகான இடம்தான், ஆனால் சனி ஞாயிறு கூட்டம் தாங்காது. சேர்வராயன் கோயில் இருக்கிற மொட்டை உச்சி 5,000 அடிக்கு மேல். காற்று வசனத்தைத் தின்றுவிடும். வாய் திறக்காத காட்சியாக இருந்தால் மட்டும் அங்கே வையுங்கள்.

நான்காவது: போலீஸும் சட்டமும்

சினிமா பார்த்து எழுதிய போலீஸ்தான் குறும்படங்களில் அதிகம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 இல்லை, 103. மோசடிக்கு 420 இல்லை, 318. அதற்கு முன்னால் நடக்கிற கதை என்றால் பழைய எண்ணே இருக்கட்டும். டீக்கடையில் ஒருவரை ஒருவர் ஃபோர்ட்வென்ட்டி என்று திட்டிக்கொள்வதையும் மாற்ற வேண்டாம், அது இன்னும் ஐம்பது வருடம் போகும்.

"24 மணி நேரம் கழிச்சு வாங்கம்மா" என்று ஸ்டேஷனில் அம்மாவைத் திருப்பி அனுப்புகிற காட்சியை வைப்பதற்கு முன்னால் யோசியுங்கள். 18 வயதுக்குட்பட்டவரைக் காணவில்லை என்று புகார் வந்தால் கடத்தலாகக் கருதி எஃப்ஐஆர் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அப்படித் திருப்பி அனுப்புகிற ஏட்டு உங்கள் கதையில் இருந்தால், அவர் தவறு செய்கிறார் என்று கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதேபோல், பெற்ற அப்பா மகளை அழைத்துப் போவது பொதுவாகக் கடத்தல் ஆகாது. குழந்தை அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவு இருந்து, அதை மீறினால் கதையே வேறு. அம்மா அப்பா பிரிந்த கதை என்றால் இதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். எங்களுக்கு ஒரு டீ செலவில் முடிந்தது.

காக்கிச் சட்டையோடு இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாப்பாவை மிரட்டிக் கேட்கிற காட்சியும் வேண்டாம். குழந்தையிடம் பேசுகிற போலீஸ்காரர் சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்பது விதி, குழந்தைகள் நலக் குழு முன்னால் 24 மணி நேரத்துக்குள் ஒப்படைக்கவும் வேண்டும். லுங்கியும் டீ-ஷர்ட்டுமாக வருகிற ஏட்டு, "சாமி, பிஸ்கட் திங்கறயா?" என்று கேட்பது இன்னும் பயமாக இருக்கும்.

வாடகைக்கு எடுக்கிற யூனிஃபார்மில் நட்சத்திரத்தை எண்ணிப் பாருங்கள்: எஸ்.ஐ.க்கு இரண்டு, இன்ஸ்பெக்டருக்கு மூன்று. ஷாட் முடிந்ததும் அந்த நடிகர் மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொள்ளட்டும். எங்கள் எஸ்.ஐ. காக்கியோடு டீ குடிக்கப் போனார். கடைக்காரர் காசு வாங்கவில்லை, பக்கத்தில் நின்றவர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டோம், ஆனால் அது வம்பில் முடிந்திருக்கலாம். படப்பிடிப்பு நடக்கிற இடத்து ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது: பாப்பாவாக நடிக்கிற பாப்பா

எங்கள் பாப்பா என் அக்கா மகள். சொந்தக்காரப் பிள்ளை என்றால் அனுமதிக் கடிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது, 2016-ல் திருத்தினார்கள், 2017-ல் விதிகள் வந்தன. படத்தில் குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. பள்ளி கெடக்கூடாது. குழந்தையின் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அவள் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் இருக்க வேண்டும். முக்கியமாக, அவளுக்கு இஷ்டம் இருக்க வேண்டும்.

ஐந்து மணி நேரம் என்பது உங்கள் ஷெட்யூலையே மாற்றும். பாப்பா ஃபிரேமில் இருக்கிற ஷாட்டை எல்லாம் முதலில் எடுங்கள். அவளைப் பார்த்து அப்பா பேசுகிற ஷாட்டுக்கு அவள் தேவையில்லை, அந்த உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல் பையை வைத்தால் போதும். தோள் மேல் தூங்குகிற ஷாட்டில் போர்வைக்குள் இருந்தது தலையணை, யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பயமுறுத்தி அழ வைக்காதீர்கள். வாந்திக் காட்சிக்கு அவளுக்கு வாழைப்பழமும் தண்ணீரும் கரைத்து வாயில் வைத்துக்கொள்ளக் கொடுத்தோம். துப்பச் சொன்னதும் சிரித்துச் சிரித்து ஆறு டேக் போனது. கதையில் யார் துரத்துகிறார்கள் என்று அவளுக்குச் சொன்ன விதம்: கண்ணாமூச்சி, பிடிக்கிறவர் அந்த மாமா. அந்த மாமாவையும் முதல் நாளே அறிமுகப்படுத்தி, சேர்ந்து சாப்பிட வைத்துவிட்டோம்.

ஓடுகிற வண்டியில், ராத்திரியில், அந்த வளைவுகளில் குழந்தையை வைத்துப் படம் எடுப்பதை யோசிக்கவே வேண்டாம். நாங்கள் வேனை எஸ்டேட் களத்தில் நிறுத்தி, இரண்டு பேர் பின்னால் பிடித்து லேசாக ஆட்டினார்கள். ஒருவர் மரக்கிளையை விளக்குக்கு முன்னால் அசைத்துக்கொண்டே நடந்தார், கண்ணாடியில் நிழல் ஓடியது. திரையில் வேன் மலையேறுகிறது. வெளியிலிருந்து தெரிகிற ஓடும் ஷாட்டைப் பகலில், பெரியவர்களை மட்டும் வைத்து எடுத்தோம். அப்போதும் மேலே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. நடு வளைவில் ட்ரைபாட் வைக்காதீர்கள்.

அனுமதி, சுருக்கமாக

எஸ்டேட் தனியார் நிலம், முதலாளியிடமோ மேனேஜரிடமோ எழுத்தில் வாங்குங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை. ரயில் நிலையம் என்றால் ரயில்வே. சின்னக் குழுவுக்கு அது நாள் பிடிக்கும், ஸ்டேஷனுக்கு வெளியே நின்று உள்ளே அறிவிப்புச் சத்தத்தை மட்டும் சேர்த்துவிடலாம். ஒரு அலுவலகத்தில் எங்கள் மனுவைத் தொலைத்துவிட்டு மூன்றாவது முறையாகக் கொடுக்கச் சொன்னார்கள். அதிலிருந்து எந்த மனுவுக்கும் நகலில் சீல் வாங்காமல் வருவதில்லை. டிரோன் பறக்கவிட ஆசை என்றால் 2021 டிரோன் விதிகளைப் படியுங்கள். காமலாபுரம் விமான நிலையத்தைச் சுற்றி அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. என்னைக் கேட்டால் இந்தக் கதைக்கு டிரோனே வேண்டாம். மேலேயிருந்து பார்க்க ஆரம்பித்தால் அவர்கள் இரண்டு பேரும் எறும்பாகிவிடுவார்கள்.

ஆறாவது: மலையில் படப்பிடிப்பு

மே மாதம் கோடை விழா, ரோடே நகராது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பனி நிச்சயம், ஆனால் அது காபி பறிக்கிற சமயம், எஸ்டேட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழைக்குப் பிறகு காபிச் செடி வெள்ளை வெளேரென்று பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும், சில நாளில் உதிர்ந்துவிடும். கூடுதலான நாலு நாளில் இரண்டாவது இப்படித்தான் போனது. ஒரே காட்சியில் பாதி பச்சை, பாதி பூ. ஒரு காட்சியை ஆரம்பித்தால் அந்தத் தோட்டத்தில் அதை முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பனி வரும் என்று நம்பி உட்காராதீர்கள், வந்தால் போகும் என்றும் நம்பாதீர்கள். வசனக் காட்சியைப் பனியில் ஆரம்பித்தால் பாதியில் வெயில் அடிக்கும். நடக்கிற, ஒளிகிற ஷாட்டுகளைப் பனிக்கென்று தனியாக எழுதி வைத்து, வந்ததும் ஓடிப்போய் எடுங்கள். ஏசி காரிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும், பையிலேயே இருபது நிமிடம் விட்டுவிட்டுத் திறங்கள். ராத்திரிக் காட்சியைச் சூரியன் இறங்கிய பிறகு வானம் நீலமாக இருக்கிற நேரத்தில் எடுங்கள். பாப்பாவும் சீக்கிரம் தூங்கப் போகலாம். மூன்று, நான்கு சாயங்காலமாகப் பிரித்து எடுக்க வேண்டி வரும், எங்கள் மூன்றாவது நாள் கூடியது அதனால்தான்.

டியூப்லைட், தெருவிளக்கு வருகிற இடத்தில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத ஷட்டரை வைத்தால் விளக்கு துடிக்கும். செல்போனில் எடுப்பவர்களும் இதைப் பூட்டிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். சாயங்காலம் எஸ்டேட்டுக்குள் காட்டுமாடு வரும். உள்ளூர் ஆள் ஒருவர் கூட இல்லாமல் செடிக்குள் இறங்காதீர்கள், அவர் கிளம்பலாம் என்றால் ஷாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, சத்தம்

நாலாவது நாள் சத்தத்தில் போனது. பொழுது சாய்ந்ததும் சில்வண்டு ஆரம்பிக்கும், திடீரென்று நிற்கும். ஐந்தரை மணிக்கு எடுத்த அப்பாவின் ஷாட்டையும் ஆறேகாலுக்கு எடுத்த பாட்டியின் ஷாட்டையும் ஒட்டினால், அவர் பேசும்போது அமைதி, அவள் பேசும்போது இரைச்சல். வசனத்தைச் சில்வண்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, அப்புறம் அந்த இரைச்சலை மட்டும் பத்து நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். காட்சி முழுக்க அடியில் ஓடவிடலாம்.

கொலுசுச் சத்தத்தைப் படப்பிடிப்பில் பிடிக்க முயற்சி செய்ய வேண்டாம். வீட்டில், ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு தாம்பாளத்தில் காய்ந்த இலை, ஒன்றில் ஈர மண், கீழே சிமென்ட் தரை என்று வைத்து, கொலுசைக் கையில் பிடித்துப் படத்தைப் பார்த்தபடியே தட்டுங்கள். நிஜ வெள்ளியில் செய்யுங்கள். கவரிங் கொலுசின் சத்தம் தகரம் மாதிரி கேட்கும், சேலத்துக்காரர்கள் இரண்டே நொடியில் சொல்லிவிடுவார்கள். இரண்டு ஜோடி இருந்தால் நல்லது, ஒன்று மண் அடைத்தது, ஒன்று சுத்தமானது. கடைசிக் காட்சியில் பாட்டி வெந்நீரில் பாப்பாவின் காலைக் கழுவும்போது மணி ஒவ்வொன்றாகத் திரும்பவும் ஒலிக்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்கே எங்களுக்கு ஒன்பது தடவை மண் அடைக்க வேண்டியிருந்தது.

எங்களுக்குக் கொலுசு தந்தது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர். எடை போட்டுக் கொடுத்தார், எடை போட்டுத்தான் திரும்ப வாங்கினார். கொடுத்ததை விட எடை கூடியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். குண்டூசியை எடுத்து இரண்டு மணிக்குள்ளிருந்த மண்ணைத் தட்டி எடுத்தார், மறுபடி தராசில் வைத்தார்.